தரையைப் பார்த்துச் சொன்ன வாங்க

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சிப்காட்டைக் கடக்கும்போது பார்வையின் கீழ் மூலையில் புகை மாதிரி ஒன்று எழுந்தது. ஏதோ ஆலைப் புகை என்று விட்டுவிட்டேன். ஆலப்பாக்கம் வந்தது, புகை போகவில்லை. புதுச்சத்திரம் வந்தது, கூடவே வந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறியபோது ஆற்றில் பாதியைக் காணோம். புகை என் கண்ணுக்குள் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

என் தொழிலைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பள்ளிக்கூட ஆய்வகங்களுக்குச் சாமான் விற்பவன் நான். சோதனைக் குழாய், காந்தம், மைக்ராஸ்கோப், பிளாஸ்டிக் எலும்புக்கூடு. காலையில் ஸ்ரீமுஷ்ணம், மதியம் கிள்ளை, சாயங்காலம் மறுபடி கடலூர். ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் எனக்குக் கால் அரிக்கும். என் பெட்டியில் கழற்றி மாட்டுகிற பெரிய கண் ஒன்று உண்டு. இருபது வருடமாக அதைப் பிரித்துப் பிரித்து, இது லென்ஸ், இது விழித்திரை, சினிமாக் கொட்டகையின் திரை மாதிரி என்று வாத்தியார்களுக்கே பாடம் எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன், தன் திரை கிழிந்து தொங்குவது தெரியாமல் அன்று சரக்கை இறக்கிவிட்டு, மறுநாள் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் போய்வந்தேன். மூன்றாம் நாள் முகம் பார்த்துச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் வாயைக் காணவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிறு வயதில் கிட்டிப்புள் பட்டு என் இடது கண் போய்விட்டது. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எனக்கு உலகம் மொத்தமும் வலது கண் ஒன்றின் வழியாகத்தான். அந்த ஒன்றில்தான் இப்போது திரை விழுந்துகொண்டிருந்தது.

புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனை. பரிசோதித்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

“விழித்திரை பிரிஞ்சிடுச்சு சார். நாளைக்கே பண்ணணும். உள்ள இருக்குற ஜெல்ல எடுத்துட்டு சிலிகான் எண்ணெய் நிரப்புவோம். அது திரையச் சுவரோட சேத்து அமுக்கிப் பிடிச்சுக்கும். மூணு நாலு மாசத்துல அந்த எண்ணெய வெளிய எடுத்துடணும். உள்ளயே விட்டா அதுவே கெடுதல்.”

சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவன் பசை காயும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நிற்பானே, அந்த உள்ளங்கைதான் எண்ணெய் என்று புரிந்துகொண்டேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. ஆபரேஷன் முடிந்ததிலிருந்து இரண்டு வாரம் குப்புறக் கிடக்க வேண்டும். சாப்பிட, கழிவறை போக மட்டும் எழலாம். அப்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும். மல்லாந்து படுக்கவே கூடாது.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி ஜாடியில் தண்ணீரையும் எண்ணெயையும் ஊற்றி, எண்ணெய் மேலே ஏறுவதைக் காட்டி எத்தனை பள்ளிக்கூடங்களில் ஆர்டர் பிடித்திருக்கிறேன். முகம் தரையைப் பார்த்தால் கண்ணின் பின்சுவர் மேலே வரும். எண்ணெய் அங்கே போய் நிற்கும். திரை இருப்பதும் அங்கேதான். முகம் நிமிர்ந்தால் எண்ணெய் வேறு பக்கம் போய்விடும். இவ்வளவுதான் விஷயம். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் கிள்ளையிலிருந்து வந்த ஒரு அம்மா. நண்டு, இறால் விற்கிறவர். என் வயதுதான் இருக்கும். அவருக்கும் சில வருடங்களுக்கு முன் இடது கண்ணில் எண்ணெய் வைத்திருந்தார்களாம். இப்போது கண்ணில் அழுத்தம் ஏறி, வலி தாங்காமல் வந்து சேர்ந்திருந்தார். நான் குப்புறக் கிடந்ததால் அவர் முகத்தை அப்போது பார்க்கவில்லை. குரலும் ரப்பர் செருப்பும்தான் தெரியும்.

என்னைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஆர்லிக்ஸ், ஆப்பிள், சாத்துக்குடி. ஒவ்வொரு காலடி கேட்கும்போதும் நான் தலையைத் தூக்கி, “வாங்க” என்றேன். மூன்றாவது ஆள் போனதும் பக்கத்துக் கட்டிலிலிருந்து சிரிப்பு வந்தது.

“என்னா சார், கோழி தண்ணி குடிக்கிற மாதிரி ஆளுக்கு ஒருதரம் தலயத் தூக்குற? குனிஞ்சிகினே சொன்னா வர்றவங்க திரும்பிப் போயிடுவாங்களா?”

“ஆமாம்மா, போயிடுவாங்க” என்றேன். அவர் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்திருப்பார்.

அது வேடிக்கை இல்லை. அதற்கு ஆறு வருடம் முன்பு கடலூரில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனோம். என் மனைவியின் அண்ணன், சிதம்பரத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் என் மச்சான், வேன் பிடித்து, சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு, பதினோரு தட்டு வரிசையோடு வந்து இறங்கினார். அந்த நேரத்தில் நான் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் ஒரு தலைமையாசிரியரிடம் மைக்ராஸ்கோப் ஆர்டர் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு விரலைத் தூக்கி, இருங்கள் என்று சைகை காட்டினேனாம். எனக்கு ஞாபகமில்லை. மச்சான் தட்டுகளை இறக்கி வைத்தார், தங்கையின் தலையில் கை வைத்தார், வந்த வேனிலேயே ஏறிவிட்டார். கை நனைக்கவில்லை. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலியே என்று மட்டும் ஊரெல்லாம் சொன்னார். நான் போன் போட்டேன், எடுக்கவில்லை. கடைக்கே போனேன், பின்பக்கமாகக் கிளம்பிவிட்டார். அதன்பின் அவர் வீட்டு நல்லது கெட்டதுகளுக்கு என் மனைவி தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினாள். திரும்பிவந்ததும் பாத்திரங்களை அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், மின்கணக்கு எடுக்க வருகிறவர், யார் வந்தாலும் எழுந்து வாசலுக்குப் போய், முகம் பார்த்து, “வாங்க வாங்க.” அந்த வியாதி குப்புறக் கிடக்கும்போதும் என்னை விடவில்லை.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டில் விளிம்பில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கிடந்தேன். இரண்டு தரைக்கற்கள், அவற்றுக்கு நடுவே ஒரு கோடு, கோட்டில் எறும்பு. என் ராஜ்ஜியம் அவ்வளவுதான். ஓடிக்கொண்டே இருந்த உடம்பை ஆணி அடித்து நிறுத்தினால் அது உள்ளுக்குள் ஓட ஆரம்பிக்கும். தொடை துடித்தது, விரல்கள் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டன. பார்சல் வந்ததா, ஸ்ரீமுஷ்ணத்தில் பில் கொடுத்தார்களா, அந்த எறும்பு எங்கே போகிறது. சாம்பிள் பெட்டியிலிருந்து ஒரு முகக் கண்ணாடியைத் தரையில் வைக்கச் சொன்னேன், அறையையாவது பார்க்கலாமே என்று. அதில் தெரிந்தது என் வீங்கிய கண்ணும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான். எடுத்துவிடச் சொன்னேன். ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். நான் தூக்கிக்கொண்டேயிருந்தேன்.

பத்தாம் நாள் மறுபரிசோதனை. டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

“கீழ்ப்பக்கம் திரை கொஞ்சம் தூக்கிக்கிட்டிருக்கு, உள்ள தண்ணி நிக்குது. குனிஞ்சேதான் இருந்தீங்களா?”

“இருந்தேன் டாக்டர்” என்றேன். இந்த வயதில், என் கண்ணைப் பற்றி, அதைக் காப்பாற்ற நிற்பவரிடமே பொய்.

என் மனைவி குறுக்கே வந்தாள். “இல்ல டாக்டர். ஒரு நாளைக்கு இருபது தடவ தூக்குறாரு. வர்றவங்களுக்கு வாங்க சொல்லணுமாம்.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். “நீங்க ஒவ்வொரு தடவ வாங்க சொல்றப்பவும் எண்ணெய் அதோட எடத்த விட்டு எந்திரிச்சுப் போயிடுது சார். இன்னும் ஒரு வாரம் பாக்கலாம். தலையே தூக்கக் கூடாது. அப்படியும் ஒட்டலன்னா மறுபடியும் ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் எவ்வளவு பார்வ மிஞ்சும்னு என்னால சொல்ல முடியாது.”

வெளியே பெஞ்சில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அந்த ரப்பர் செருப்புகள் வந்து நின்றன. அவரும் அன்று அழுத்தம் பார்க்க வந்திருந்தார். என் மனைவி எல்லாவற்றையும் கொட்டினாள்.

“வூட்ல நாடாக் கட்டிலு இருக்குதா? தல வெக்கிற எடத்துல நாலு நாடாவ அறுத்து வுடு. மூஞ்சி உள்ள போற மாதிரி ஓட்ட. சுத்தித் துண்டச் சுத்து. எங்க வூட்டுக்காரரு எனக்கு அப்படித்தான் செஞ்சாரு. தூக்கணும்னு நெனச்சாலும் சட்டுனு தூக்க முடியாது. வர்றவன் பேசணும்னா கட்டிலுக்கு அடியில வந்து பேசட்டும், என்னா இப்ப?” என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, “எண்ணெய எடுக்கச் சொல்ற தேதிய மட்டும் வுட்டுறாத சார்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே நாடாவை அறுத்தோம்.

இரண்டு நாள் கழித்து, மழை ஓய்ந்த ஒரு பதினோரு மணி. மனைவி சொட்டு மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. கட்டில் ஓட்டையில் முகத்தைப் புதைத்துக் கிடந்தேன். கேட் திறக்கும் சத்தம். கதவு தள்ளப்பட்டது. செருப்பைக் கழற்றும் சத்தம். அதற்கு முன்னால் ஒரு வாசனை வந்தது. பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனை.

கண்ணைக் கொஞ்சம் மேல்நோக்கி உருட்டினால் வாசல்வரை தரை தெரியும். எண்ணெய்க்குள் இருந்து பார்ப்பதால் எல்லாமே கலங்கல்தான். ஆனாலும் அந்தக் கால்களை அடையாளம் தெரிந்தது. வலது கெண்டைக்காலில் பைக் சைலன்சர் சுட்ட தழும்பு. அது சுட்ட அன்று வண்டியை ஓட்டியவன் நான்.

ஆறு வருடம் கழித்து மச்சான் என் வாசற்படிக்குள் நிற்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை. சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான்.

“வாங்க மச்சான்” என்றேன். தாடை துண்டில் அழுந்திக் கிடந்தது. விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. வார்த்தை வாயிலிருந்து நேராகத் தரையில் விழுந்தது, அவருக்குப் போகவில்லை. கால்கள் அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். காற்றுதான் வந்தது. பிறகு கட்டில் ஓரம்வரை வந்து நின்றார். அவர் பார்வையில் என்ன தெரிந்திருக்கும்? கட்டிலில் ஒரு முதுகு. ஆறு வருடத்துக்கு முன் பார்த்த அதே முதுகு.

கால்கள் திரும்பின.

கழுத்து தானாக எழுந்தது. பின்னந்தலையில் நாடா இடித்தது. தூக்கினால் அண்ணன் தங்கை உறவு மிஞ்சும், கண் போகலாம். தூக்காவிட்டால் கண் மிஞ்சலாம், இந்தக் கால்கள் இனி இந்த வீட்டுக்கு வராது. இதையெல்லாம் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யோசிக்கவில்லை. முகத்தை மறுபடி ஓட்டைக்குள் அழுத்திக்கொண்டு, உடம்பை மட்டும் ஒரு முழம் சரித்து, கட்டில் பக்கவாட்டில் கையை நீட்டி, தடவித் தேடி, அவர் கணுக்காலைப் பிடித்துவிட்டேன்.

“யோவ்!” என்று துள்ளினார். “வுடுய்யா… கால வுடு மாப்ள. என்னா இது, சின்னப்புள்ளயாட்டம்?”

“தூக்கக் கூடாது மச்சான். டாக்டர் சொல்லியிருக்காங்க. வாங்க… வாங்க மச்சான்” என்று கத்தினேன். ஆறு வருடத்துச் சத்தமும் அதில் இருந்தது.

காலை நான் விடவில்லை. பிறகு வேட்டி சரசரத்தது. ஒரு கை தரையில் ஊன்றியது. முனகல். அந்தப் பெரிய தொந்தியோடு மச்சான் மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்து, மல்லாந்து, முதுகால் நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்கு அடியில் வந்தார். என் முகத்துக்கு நேர் கீழே அவர் முகம் வந்து நின்றது. மீசை நரைத்திருந்தது. கலங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் பார்த்தேன்.

“ம்ம். இப்ப மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

“வாங்க மச்சான்.”

“ஆங். வந்துட்டேன்.”

என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது. துடைத்துக்கொண்டே, “என்னா மாப்ள, வந்ததும் மூஞ்சில தண்ணி தெளிக்கிற? கல்யாண வீட்ல பன்னீர் தெளிக்கிற மாதிரி” என்றார்.

“மருந்து மச்சான்.”

“மருந்துதான், மருந்துதான்.”

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு சயின்ஸ் வாத்தியார் சொல்லி விஷயம் தெரிந்ததாம். தங்கை சொல்லவில்லையே என்று ஒரு கோபம், ஒற்றைக் கண்ணுக்காரன் ஆயிற்றே என்று ஒரு பயம், இரண்டும் சேர்ந்து பேருந்தில் ஏற்றிவிட்டிருக்கிறது. பேசிக்கொண்டே இருந்தவர் தரையின் குளிர்ச்சியில் அப்படியே தூங்கிவிட்டார். மருந்தோடு திரும்பிய என் மனைவி முதலில் பார்த்தது, கட்டிலுக்கு மேலே புருஷன், கீழே குறட்டை விடும் அண்ணன். அவள் அழுதாளா சிரித்தாளா, எனக்குத் தெரியாது. நான் பார்த்தது அவள் கால்களை மட்டும்தான். ரொம்ப நேரம் அவை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அந்த வாரம் முழுக்க மச்சான் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுத் தினமும் வந்தார். தலையணையோடு கட்டிலுக்கடியில் நுழைந்து பேப்பர் வாசித்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரையும், “பேசணும்னா கீழ படு” என்று விரட்டினார். பாதிப் பேர் படுக்கவும் செய்தார்கள். அடுத்த பரிசோதனையில் திரை ஒட்டியிருந்தது. குனிந்து கிடந்ததாலா, தானாகவேவா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது, நிம்மதியைத்தான் தரவில்லை.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் கண் ஆற ஆரம்பித்ததும் நான் பழையபடி ஆகிவிட்டேன். தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு பேருந்து ஏறினேன். எண்ணெய் எடுக்கும் தேதி மாசியில் வந்தது. பள்ளிகளில் பிராக்டிகல் தேர்வு நேரம். எங்களுக்கு வருடத்தின் அறுவடை அதுதான். பார்வைதான் தெரிகிறதே, ஒரு மாதம் தள்ளினால் என்ன என்று தோன்றிவிட்டது. மனைவியிடம்கூட, தேதி மாறிவிட்டது என்று சொல்லியிருந்தேன்.

கிள்ளையில் ஒரு பள்ளிக்குப் போய்த் திரும்பும்போது அவரை மார்க்கெட்டில் பார்த்தேன். முகம் தெரியாது எனக்கு. “வாங்கிக்கடா நண்ட, கடிக்காது” என்ற குரலைத்தான் அடையாளம் தெரிந்தது. அவர் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இடது கண்மணி வெள்ளைப்பூத்து, பால் ஊற்றிய மாதிரி இருந்தது.

“அட, கோழி சாரு! எண்ணெய எடுத்தாச்சா?”

“அடுத்த மாசம்மா. பிராக்டிகல் சீசன் முடியட்டும்.”

நண்டின் கொடுக்கைக் கட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

“நானும் எறா சீசன் முடியட்டும்னுதான் சொன்னேன் சார். அப்புறம் நண்டு சீசன். அப்புறம் புயலு. உள்ள எண்ணெய் பொடிப்பொடியா ஒடஞ்சி அடச்சிக்கிச்சி. வலி வந்தப்ப நரம்பு செத்துப்போச்சின்னாங்க.” மறுபடி கயிற்றை முடிந்தார். “எனக்கு இன்னொண்ணு இருக்குது. உனக்கு?”

அன்று பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். மறுநாள் மருத்துவமனையில் பார்த்தபோதே கண்ணின் அழுத்தம் ஏற ஆரம்பித்திருந்தது. அந்த வாரமே எண்ணெயை எடுத்தார்கள். மங்கிப்போயிருந்த லென்ஸையும் கூடவே மாற்றினார்கள். ஒரு சொட்டு மருந்து மட்டும் வாழ்நாள் முழுக்க.

இப்போது பார்வை இருக்கிறது. முழுதாக இல்லை. மின்கம்பங்கள் நடுவில் லேசாக வளைந்து தெரிகின்றன. சின்ன எழுத்துகளை மனைவிதான் படித்துக்காட்டுகிறாள். சாம்பிள் பெட்டியில் அந்தப் பிளாஸ்டிக் கண் இன்னும் இருக்கிறது. பிரித்துக் காட்டும்போது முன்னைப்போல வாய் சரளமாக வருவதில்லை. திரை மறுபடி கழன்றுவிடுமோ என்று தினமும் காலையில் விழித்ததும் எதிர்ச்சுவரின் நான்கு மூலைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுகிறேன். அந்தப் பரபரப்பு நான் போகும்வரை போகாது.

எண்ணெயை எவ்வளவு எடுத்தாலும் சில துளிகள் தங்கிவிடுமாம். நிமிர்ந்து நிற்கும்போது அவை பார்வையின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன வளையங்களாகக் கிடக்கின்றன, இருப்பதே தெரியாது. தலை குனிந்தால் போதும், ஒவ்வொன்றாக மிதந்து நடுவுக்கு வந்து கூடிவிடும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு நான் குனிந்து பார்க்கும்போதெல்லாம், வருகிறவர் யாராக இருந்தாலும், அந்த வளையங்களுக்கு ஊடாகத்தான் அவர் கால்கள் எனக்குத் தெரிகின்றன. அவை திரும்பிப் போய்விடுவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்ற பதற்றம் மட்டும் எனக்குள் இன்னும் ஓயவில்லை, அது ஓயவும் வேண்டாம்.